தாய்மையும் தடுப்பூசியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடொன்றின் படலையில் வேப்பிலைக் கொத்துத் தொங்குமாயின், அயலார் அதன் பொருளை உடனே அறிந்துகொள்வர். அந்த வீட்டில் யாருக்கோ அம்மாள் வருத்தம் கண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அவ்வழியாகச் செல்வோர் விலகிச் செல்வர். பிள்ளைத்தாய்ச்சியாயின் அந்த ஒழுங்கையிற் கால் வைக்கவும் வீட்டார் விடமாட்டார்கள். இதனை வெறும் மூடநம்பிக்கையென்று ஒதுக்கிவிட முடியாது. பெரியம்மை என்னும் கொடுநோய் எல்லாரையும் வாட்டியது உண்மையே. எனினும் கருவுற்ற பெண்களிடத்தே அது காட்டிய கொடுமை தனியானது. கருச்சிதைவும் தாயின் மரணமும் அவர்களிடையே பன்மடங்கு மிகுதியாக நேர்ந்தன என்பதை மருத்துவ வரலாறு காட்டுகின்றது. நம் முன்னோர் நோயின் காரணத்தை அறியாதிருந்தனர். ஆனால் அதன் விளைவைக் கண்கூடாகக் கண்டிருந்தனர்.

நோய்க்கு அஞ்சிய தாய், நோயைத் தடுக்கும் ஊசிக்கும் அஞ்சினாள். இது இயல்பே. தன் உடலுக்கு வரும் தீங்கைப் பொறுத்துக்கொள்ளத் துணிபவள், வயிற்றிலுள்ள பிள்ளைக்குத் தீங்கு வருமோ என்ற எண்ணத்தைப் பொறுக்கமாட்டாள். கருவுற்ற பெண்ணுக்குத் தடுப்பூசி ஏற்றலாமா? அதனிலும் நுண்ணியதான மற்றொரு வினா: கருவுற்றிருக்கிறாளோ இல்லையோ என்று அவளே அறியாத நாட்களில் ஊசி ஏற்றப்பட்டுவிட்டால் என் செய்வது? இவ்விரு வினாக்களுக்கும் உலகம் விடை கண்ட வரலாறு நீண்டது. அதன் பல கட்டங்கள் நமது குடாநாட்டின் மண்ணிலும் நிகழ்ந்தவை.

இலங்கையின் கரையோரங்கள் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட தொடக்க காலத்தில், ஆளுநர் பிரடெரிக் நோர்த் என்பவர் அம்மை நோயைத் தணிக்க வழி தேடினார். 1800ஆம் ஆண்டளவில் கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அம்மை வைத்தியசாலைகள் ஏற்படுத்தப்பட்டன. அக்காலத்து முறை, நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைச் சுகதேகியின் தோலிற் சிறிதளவு புகுத்துவதாகும். பெரும்பாலோருக்கு இலேசான நோய் வந்து நீங்கும். பின்பு ஆயுள் முழுவதும் காப்பு உண்டு. ஆனால் புகுத்தப்படுவது உண்மையான பெரியம்மையே ஆதலின், சிலர் அதனாலேயே மாண்டனர். சிலர் பிறருக்குப் பரப்பினர். கருவுற்ற பெண்ணுக்கு அம்முறை பேராபத்தாகவே இருந்தது.

இதற்கிடையில், 1796ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர், பசுக்களுக்கு வரும் அம்மையின் பாலை மனிதருக்கு ஏற்றினால் பெரியம்மை அணுகாது என்று காட்டினார். அந்த அம்மைப்பால் பாக்தாத், பஸ்ரா வழியாக 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பம்பாயை அடைந்தது. அங்கு அன்னா டஸ்தோல் என்ற சிறு பெண்குழந்தையின் கையில் அது முதன்முதலாகப் பற்றியது. அதே ஆண்டிலேயே அது இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம் அது. ஒரு பிள்ளையின் கையிற் பழுத்த கொப்புளத்திலிருந்து மற்றொரு பிள்ளையின் கைக்கு எனக் கைமாறிக் கைமாறியே அம்மைப்பால் கடலையும் நிலத்தையும் கடந்தது. இலங்கையில் மருத்துவத் தலைமை வகித்த தோமஸ் கிறிஸ்டி என்பவர், அம்மைப்பால் வருமுன் பெரியம்மை இத்தீவிற் செய்த அழிவைப் பற்றி 1811ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

ஆட்சியாளர் கட்டளையிடுவதாலும் நூல்கள் வெளிவருவதாலும் மட்டும் மக்கள் மனம் மாறுவதில்லை. மக்களின் மொழியிலே பேசி, அவர்களின் வீட்டு வாயிலுக்கே செல்லும் வைத்தியர் வேண்டும். யாழ்ப்பாணம் அவ்வகையிற் பேறு பெற்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டிற் பண்டத்தரிப்பில் அமர்ந்து வைத்தியம் செய்யத் தொடங்கினார். அவருக்குப்பின், 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டு மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும், கற்பிக்கவும் வேண்டும் என்பது அவரது உறுதி. தாமும் தம் மாணவரும் இணைந்து உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளிற் பெருநூல்களைத் தமிழிற் கொணர்ந்தனர். அவற்றுள் ஒன்று, 1857ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரசவ வைத்தியம்’. கருவும் பேறும் பற்றிய மேனாட்டு அறிவைத் தமிழ் வைத்தியன் தன் தாய்மொழியிற் படிக்கும் வாய்ப்பு அந்நூலால் உண்டாயிற்று. தாயின் உடல்நலம் மறைவிற் பேசப்படும் பொருளாக இருந்த நிலை மாறி, கற்றோர் ஆராயும் பொருளாக மாறியது.

பெண்களுக்கென்றே தனி வைத்தியசாலை வேண்டும் என்ற எண்ணம் அந்நூற்றாண்டின் இறுதியிற் செயலாயிற்று. 1898ஆம் ஆண்டில் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமாகத் திறக்கப்பட்டது. ஆண் வைத்தியர் முன் வர நாணிய பெண்கள் அங்கு வந்தனர். நாணம் நீங்கிய இடத்திலேதான் வினாக் கேட்கும் துணிவு பிறக்கும்.

இதற்கு முன்னரே, 1886ஆம் ஆண்டில், அம்மைப்பால் ஏற்றுதலைக் கட்டாயமாக்கும் கட்டளைச்சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. ஊர்தோறும் அம்மைப்பால் கட்டுவோர் சென்றனர். அம்மைப்பால் உயிருள்ள கிருமியைக் கொண்டது. அது தாயின் உடலிலிருந்து கருவுக்குச் சென்று தீங்கு செய்தல் மிக அரிதாக நேர்ந்ததுண்டு. உலக மருத்துவ ஏடுகள் அனைத்தையும் திரட்டிப் பார்த்தாலும், கோடிக்கணக்கானோருக்கு அம்மைப்பால் ஏற்றப்பட்ட காலமெல்லாம் சேர்ந்து, அத்தகைய நிகழ்ச்சிகள் ஏறத்தாழ 50 என்ற அளவைத் தாண்டவில்லை. எனவே வைத்தியர் ஒரு நடுவழியைக் கண்டனர்: ஊரில் நோய் இல்லாத காலத்திற் கருவுற்ற பெண்ணுக்கு அம்மைப்பால் ஏற்றுவதைத் தள்ளிவைத்தல், நோய் வாயிலுக்கு வந்துவிட்டாற் தயங்காது ஏற்றுதல். எந்த ஆபத்துப் பெரிது, எந்த ஆபத்துச் சிறிது என்று நிறுத்துப் பார்க்கும் இம்முறையே பிற்காலத்து எல்லா விடைகளுக்கும் அடிப்படையாயிற்று. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது எனப் பிரகடனம் செய்தது. வேப்பிலைக் கொத்தின் அச்சம் அத்துடன் வரலாறாயிற்று.

இனி, இரண்டாவது கட்டம். 1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று நாடெங்கும் பரந்துள்ள சுகாதார வைத்திய அதிகாரி அலுவலக முறை. அம்முறையின் உயிர்நாடி, மருத்துவமாது எனப் பெயர் பெற்றுப் பின்னர் குடும்பநல உத்தியோகத்தர் என அழைக்கப்படும் பெண்மணியே. துவிச்சக்கர வண்டியில் ஒழுங்கைக்கு ஒழுங்கை சென்று, எந்த வீட்டில் யார் மணம் முடித்தாள், யார் கருவுற்றாள், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று பதிவேட்டிற் குறித்து வைப்பவர் அவரே.

அக்காலத்திற் பச்சைக் குழந்தைகளைக் கொள்ளைகொண்ட நோய்களுள் ஒன்று ஏற்புவலி. பிறந்த மூன்றாம் நாளளவிலோ, ஒரு வாரத்திலோ, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை வாய் இறுகிப் பாலை விடும். உடல் வில்லாக வளையும். பின்பு பிழைப்பது அரிது. தொப்புள்கொடி தூய்மையற்ற கருவியால் அறுக்கப்படும்போது புகும் கிருமியே இதற்குக் காரணம். பிறந்த பிள்ளைக்கு ஊசி ஏற்றிப் பயனில்லை. காப்பு உண்டாகுமுன் நோய் முந்திவிடும். ஆகவே, தாய்க்கு ஏற்றினால் என்ன? நியூகினியாவில் இதனை ஆராய்ந்தவர்கள், கருவுற்ற தாய்க்கு ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றினால் அவளது குருதியில் உண்டாகும் காப்புப்பொருள் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளையைச் சென்றடைந்து காக்கின்றது என்பதை 1961ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

இலங்கையில் 1969ஆம் ஆண்டிற் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றும் திட்டம் தொடங்கியது. வயிற்றிற் பிள்ளையோடு இருப்பவளுக்கு ஊசியா என்ற அச்சத்துக்குச் சொல்ல வேண்டிய விடை தெளிவானது. இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை; கிருமியின் நஞ்சு மட்டுமே, அதுவும் நஞ்சுத்தன்மை நீக்கப்பெற்று, இருக்கின்றது. உயிரில்லாதது பெருகாது; பெருகாதது கருவைச் சென்று தாக்காது. நாளடைவில் “ஏற்பு ஊசி” என்பது குடாநாட்டுப் பெண்களின் பேச்சு வழக்கிற் சேர்ந்தது. வைத்தியசாலைப் பிரசவமும் தாய்க்குரிய ஊசியும் சேர்ந்து, பச்சைக் குழந்தையின் ஏற்புவலியை நாட்டில் அரிதாக்கிவிட்டன. கருவுற்றவளுக்கு ஊசி ஆகாது என்ற பொதுவிதி ஒன்று இல்லை என்பதும், எந்த ஊசி என்று கேட்டே விடை சொல்லவேண்டும் என்பதும் இவ்வாறு நிலைபெற்றன.

மூன்றாவது கட்டமே இவற்றுள் மிகக் கடினமானது. அது ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ரூபெல்லா நோயைப் பற்றியது. இந்நோய் வந்தவருக்குச் சிறு காய்ச்சலும், மெல்லிய செம்பருக்களும், காதின் பின்புறத்தே நெறிகட்டுதலும் உண்டாகும். மூன்று நாளில் எல்லாம் மறையும். பலருக்கு வந்ததே தெரியாது. ஆதலின் இதனை ஒரு நோயென்று பெரிதாக எவரும் மதிக்கவில்லை.

1941ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே நோர்மன் கிரெக் என்னும் கண் வைத்தியர் வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டார். பிறக்கும்போதே கண்ணில் வெண்படலத்தோடு பிறந்த பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக அவரிடம் வந்தனர். பலருக்கு இதயத்திலும் குறை இருந்தது. அப்பிள்ளைகளின் தாய்மார், தாம் கருவுற்றிருந்த தொடக்க மாதங்களில் ஜேர்மன் சின்னமுத்து வந்துபோனதைக் குறிப்பிட்டனர். முந்திய ஆண்டு அந்நோய் அந்நாட்டிற் பரவியிருந்தது. கிரெக் தம் சக வைத்தியரிடமும் விசாரித்து 78 பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களுள் 68 பிள்ளைகளின் தாய்மார் கருவுற்றகாலத்தில் அந்நோயைப் பெற்றிருந்தனர். தாய்மாரின் வாய்மொழியைச் செவிமடுத்த ஒரு வைத்தியரால் உலகம் புதிய உண்மையொன்றை அறிந்தது.

உலகம் அதனை உடனே ஏற்றுக்கொண்டதா எனின், இல்லை. ஐயுற்றோர் பலர். பின்னர், ஒலிவர் லங்காஸ்டர் என்னும் அவுஸ்திரேலியப் புள்ளிவிவர அறிஞர், பழைய குடிசனக் கணக்கெடுப்புகளிற் காது கேளாதோர் பற்றிய பதிவுகளை ஆராய்ந்தார். 1899ஆம் ஆண்டினை அண்டிப் பிறந்தோரிடையே காது கேளாமை திடீரென மிகுந்திருந்தது. அந்தக் காலம் ரூபெல்லா பரவிய காலத்தோடு பொருந்தியது. 1951ஆம் ஆண்டில் வெளியான அவரது ஆய்வு, கிரெக்கின் கூற்றுக்குத் துணை நின்றது. கருவுற்ற முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு இந்நோய் வருமாயின், பிள்ளைக்குக் குறை நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 80க்கு மேல் என்று பிற்கால ஆய்வுகள் அறுதியிட்டன. கண், காது, இதயம், மூளை ஆகிய நான்கையும் தாக்குவது அது.

1962ஆம் ஆண்டில் ரூபெல்லாக் கிருமி ஆய்வுகூடத்திற் பிரித்தெடுக்கப்பட்டது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் அந்நோய் பெருவெள்ளமெனப் பரவி, ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் பிறவிக்குறையோடு பிறந்தனர். 1969ஆம் ஆண்டில் முதலாவது தடுப்பூசி அங்கு அனுமதி பெற்றது. ஆனால் இதுவும் பெரியம்மைக்கான அம்மைப்பாலைப் போன்று உயிருள்ள கிருமியைக் கொண்டதே; வலிமை குறைக்கப்பட்டதாயினும் உயிருள்ளதே. எந்தக் கிருமி கருவைச் சிதைக்கின்றதோ அதன் மெலிந்த உடன்பிறப்பையே ஊசியில் ஏற்றவேண்டியிருந்தது.

அக்காலத்து வைத்திய உலகம் மற்றொரு துயரையும் மறவாதிருந்தது. 1957ஆம் ஆண்டு முதல் மேற்கு ஜேர்மனியில் விற்கப்பட்ட தாலிடொமைட் என்னும் மருந்து, கருவுற்ற பெண்களாற் குமட்டலுக்காக உட்கொள்ளப்பட்டு, 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கைகால் குறைந்தோராய்ப் பிறக்கச் செய்தது. 1961ஆம் ஆண்டின் இறுதியில் அது அங்கு மீட்டெடுக்கப்பட்டது. தீங்கற்றது என்று சொல்லி விற்கப்பட்ட மருந்தே தீங்காய் முடிந்த அந்த அனுபவத்தின்பின், எவரும் துணிந்து வாக்குறுதி அளிக்க முன்வரவில்லை. ஆதலின் கடுமையான விதி வகுக்கப்பட்டது: கருவுற்றவளுக்கு ரூபெல்லா ஊசி கூடாது, ஊசி ஏற்றியபின் சில மாதங்களுக்குக் கருத்தரித்தலும் கூடாது. அமெரிக்காவில் அக்காலவெல்லை மூன்று மாதமாக இருந்தது. அது ஆபத்துக் காணப்பட்டதனால் எழுந்த விதியன்று. ஆபத்து இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையால் எழுந்த விதி. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

இலங்கையில் 1994, 1995ஆம் ஆண்டுகளில் ரூபெல்லா பரவியது. அதன் விளைவாகப் பிறவிக்குறையோடு பிறந்த பிள்ளைகள் வைத்தியசாலைகளிற் காணப்பட்டனர். நாடு விழித்துக்கொண்டது. 1996ஆம் ஆண்டில் 11 வயது முதல் 44 வயது வரையுள்ள பெண்களுக்கு ரூபெல்லாத் தடுப்பூசி அறிமுகமாயிற்று. அந்த வயதெல்லையைச் சற்று நோக்குக. பள்ளிச்சிறுமி முதல், பிள்ளை பெறும் காலத்தின் இறுதியில் உள்ளவள் வரை அதில் அடங்குவர். கருவுறும் ஆற்றலுள்ளவரே அந்த ஊசிக்கு உரியோர். கருவுற்றிருந்தால் அந்த ஊசி ஏற்றலாகாதோரும் அவரே. இந்த இக்கட்டு அத்திட்டத்தின் உள்ளேயே அமைந்திருந்தது.

குடாநாட்டுக்கு அந்த ஆண்டுகள் எவ்வாறிருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றனர். 1996ஆம் ஆண்டு ஏப்பிரில், மே மாதங்களிற் பெருந்தொகையினர் மீண்டு வந்தனர். மின்விநியோகம் ஆண்டுக்கணக்கில் அற்றிருந்த நிலம் அது. உயிருள்ள தடுப்பு மருந்தோ 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இடையறாது பேணப்படவேண்டியது. வீடு இழந்தவள், பதிவேட்டிற் பெயர் மாறியவள், வைத்தியக் குறிப்புத் தொலைந்தவள் எனப் பலவாறான பெண்கள் மீண்டும் ஊர் சேர்ந்த காலத்திலேதான் இந்தப் புதிய ஊசியும் நாட்டில் வழக்கிற்கு வந்தது.

இந்நிலையில் ஒரு புதுமணப்பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அவளுக்கு மணமாகி ஓரிரு மாதங்கள். சுகாதார நிலையத்தில் ஊசி ஏற்றுமுன், “கடைசியாக மாதவிலக்கு வந்தது எப்போது, பிள்ளை?” என்று கேட்கப்படுகிறது. அருகில் மாமியார் நிற்கிறார். அவள் தலைகுனிந்து ஏதோ ஒரு நாளைச் சொல்கிறாள். ஊசி ஏற்றப்படுகிறது. மூன்று வாரத்தின்பின் அவள் அறிகிறாள்: ஊசி ஏற்றிய நாளிலேயே கரு அவளது வயிற்றில் இருந்திருக்கிறது. வீட்டிலே மகிழ்ச்சி பொங்கவேண்டிய நாளில் அவளது உள்ளத்தில் மட்டும் ஓர் இருள் படிகிறது. பிள்ளை குருடாய்ப் பிறக்குமோ, செவிடாய்ப் பிறக்குமோ என்ற அச்சம். அயலில் யாரோ கருவைக் கலைத்துவிடுவதே நல்லது என்று கூறுகிறார். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையோ தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்துக்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. எனவே அந்த அறிவுரை அவளை மறைவான, ஆபத்தான கைகளிடம் அனுப்பும் அறிவுரையாகிறது. ஊசியில் இல்லாத ஆபத்தை அச்சம் உண்டாக்கிவிடுகிறது.

இப்பெண்ணின் வினா உலகின் பல நாடுகளிற் பல்லாயிரம் பெண்களின் வினாவாக இருந்தது. விடை காண்பதற்கு ஒரு தடை உண்டு. கருவுற்ற பெண்களுக்கு வேண்டுமென்றே ஊசி ஏற்றிச் சோதித்தல் அறமன்று. எந்த நாடும் அதற்கு உடன்படாது. எஞ்சியது ஒரே வழி: அறியாமல் ஊசி பெற்ற பெண்களைத் தேடிக் கண்டு, பேறு முடியும்வரை தொடர்ந்து கவனித்தல். ஐக்கிய அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிலையத்தார் 1971ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டு வரை இப்பணியைச் செய்தனர். ஏற்கெனவே நோயெதிர்ப்பு உள்ளவருக்குக் கிருமி எவ்விதத்தாலும் தீங்கு செய்யாது. ஆதலின் அவர்களைக் கணக்கிற் கொள்ளுதல் ஏமாற்றமாகும். எதிர்ப்பு இல்லாதவர் என்று குருதிச் சோதனையாற் தெரிந்த 321 பெண்கள், கருத்தரித்ததற்கு முன்னோ பின்னோ மூன்று மாதத்துக்குள் ஊசி பெற்றவர்கள், தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அவர்களுக்குப் பிறந்த 324 பிள்ளைகளுள் ஒன்றேனும் ரூபெல்லாவுக்குரிய பிறவிக்குறையோடு பிறக்கவில்லை.

அப்பிள்ளைகளுள் ஐவரின் குருதியிற் கிருமி எட்டியிருந்ததற்கான அடையாளம் காணப்பட்டது என்பதையும் மறைத்தலாகாது. ஊசியின் கிருமி சிலவேளை நச்சுக்கொடியைக் கடக்கின்றது. ஆனால் கடந்தும் குறையை உண்டாக்கவில்லை. 324 பேரில் எவருக்கும் தீங்கு இல்லை என்றால், தீங்கே இல்லை என்று கணித நூல் கூறாது. இருந்தாலும் அது நூற்றுக்கு ஒன்றரைக்கு உட்பட்டதாகவே இருக்கும் என்று மட்டுமே கூறும். எந்த ஊசியும் பெறாத தாய்மாரிடத்தும் நூறு பேற்றில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஏதேனும் ஒரு பிறவிக்குறையோடு பிறக்கின்றனர். இயற்கையான நோயோ நூற்றுக்கு 80க்கு மேல் தாக்குகின்றது. இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு உண்மை விளங்கும்.

பின்னர் பெருங்கணக்கொன்று கிடைத்தது. 2001, 2002ஆம் ஆண்டுகளிற் பிறேசில் நாடு பெண்களுக்குப் பெருமளவில் ரூபெல்லா ஊசி ஏற்றியது. அவர்களுள் 20,000க்கு மேற்பட்டோர், ஊசி பெற்றபோது தாம் கருவுற்றிருந்ததை அறியாதவர்கள், அல்லது அடுத்த ஒரு மாதத்திற் கருவுற்றவர்கள். எதிர்ப்பு இல்லாதோர் ஏறத்தாழ 2,300 பேர். சோதிக்கப்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு நால்வரளவில் கிருமி எட்டிய அடையாளம் இருந்தது; ரூபெல்லாப் பிறவிக்குறை ஒருவருக்கும் இல்லை. இதற்கு முன்னரே கிடைத்திருந்த சான்றுகளின் வலிமையால், 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காத்திருக்கும் கால எல்லை மூன்று மாதத்திலிருந்து 28 நாளாகக் குறைக்கப்பட்டது. அறியாமல் ஊசி பெற்றமை கருவைக் கலைப்பதற்குக் காரணமாகாது என்பது உலகெங்கும் வைத்தியர் ஏற்றுக்கொண்ட விதியாயிற்று.

அவ்வாறாயின், கருவுற்றவளுக்கு இந்த ஊசியை ஏற்றாதே என்னும் விதி இன்னும் ஏன் இருக்கின்றது என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினா. கருவுற்ற நிலையில் அந்த ஊசியை அவசரமாக ஏற்றுவதால் தாய்க்கோ பிள்ளைக்கோ பெரும் நன்மையில்லை. பேற்றின் பின் ஏற்றினால் அடுத்த பிள்ளைக்குக் காப்பாகும். நன்மை சிறிதாயின், சிறியதோர் ஐயத்தையும் தவிர்த்தலே அறிவுடைமை. வேறொரு காரணமும் உண்டு. நூறு பேற்றில் இரண்டு மூன்று குறையோடு பிறப்பது இயல்பு என்பதை முன்னர் கண்டோம். அத்தகைய பிள்ளையின் தாய்க்கு ஊசி ஏற்றப்பட்டிருந்தால், ஊரார் ஊசியையே பழிப்பர். தாய் தன்னையே பழித்துக்கொள்வாள். அந்தப் பழி ஒரு கிராமத்தில் எழுமாயின், அடுத்த கிராமத்துப் பெண்கள் ஊசிக்கு வரமாட்டார். ஆகவே விதி கருவை மட்டுமன்றி, மக்கள் வைத்தியத்தின்மீது வைத்த நம்பிக்கையையும் காக்கின்றது.

விதியைப் பேணுதலும், விதி தவறியவிடத்து அஞ்சாதிருத்தலும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. ஊசிக்கு முன் கேட்கப்படும் வினா எச்சரிக்கைக்காக. ஊசிக்குப் பின் சொல்லப்படும் ஆறுதல் சான்றின் அடிப்படையில். முன்னதை மறந்தால் அது கவலையீனம். பின்னதை மறந்தால் அது கொடுமை.

இலங்கை பின்னர் தன் வழியை மேலும் செப்பனிட்டது. 2001ஆம் ஆண்டில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, ரூபெல்லா இரண்டுக்குமான கூட்டு ஊசி அறிமுகமாயிற்று. 2011ஆம் ஆண்டில் அவற்றோடு கூவைக்கட்டு எனப்படும் நோய்க்கும் காப்பளிக்கும் முக்கூட்டு ஊசி வந்தது. சிறுவயதிலேயே, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, எல்லாரும் காப்புப் பெற்றுவிட்டால், கிருமிக்கு ஊரில் உலாவ இடமில்லை. மணமான பெண்ணிடம் நாள் கணக்குக் கேட்கும் சங்கடமும் பெருமளவு நீங்கும். 2020ஆம் ஆண்டு ஜூலையில், இலங்கையிற் சின்னமுத்தும் ரூபெல்லாவும் ஒழிக்கப்பட்டுவிட்டன என உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அச்சிறப்பை முதலிற் பெற்ற நாடுகள் இலங்கையும் மாலைதீவுமாகும். போரையும் இடப்பெயர்வையும் கண்ட வடபுலமும் அந்த வெற்றியிற் பங்கு கொண்டது.

பழைய வினா மறுபடியும் எழுந்தது 2021ஆம் ஆண்டில். கோவிட் பெருந்தொற்றின்போது கருவுற்ற தாய்மார் கடுமையாக நோயுற்றனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் இலங்கையிற் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபோது, பழைய அச்சங்கள் புதிய வடிவில் உலாவின. அந்த ஊசிகளில் உடலிற் பெருகவல்ல உயிருள்ள கோவிட் கிருமி இல்லை. நோயோ கண்முன் நின்றது. பெரியம்மைக் காலத்து வைத்தியர் கையிற் பிடித்த தராசையே இக்காலத்து வைத்தியரும் கையிற் பிடித்தனர். ஒரு தட்டில் நோயின் ஆபத்து, மறு தட்டில் ஊசியின் ஆபத்து. தட்டு எப்பக்கம் தாழ்ந்தது என்பதில் ஐயம் இருக்கவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றிலே கிருமிகள் மாறின, ஊசிகள் மாறின, ஆட்சிகளும் மாறின. மாறாதவை இரண்டு. ஒன்று, வயிற்றுப் பிள்ளையைப் பற்றிய தாயின் கவலை. மற்றையது, அக்கவலையைக் கேட்டறியும் ஒருவர் அருகில் இருக்கவேண்டிய தேவை. சிட்னியிலே தாய்மாரின் சொல்லைக் கிரெக் கேட்டதால் நோய் வெளிப்பட்டது. மானிப்பாயிலே கிறீன் தமிழில் எழுதியதால் அறிவு வாயிலுக்கு வந்தது. குடும்பநல உத்தியோகத்தர் நாள் கணக்கைக் கேட்கும்போது, மணமான பெண் நாணத்தை விடுத்து உண்மையைச் சொல்லலாம். தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்லலாம். மாமியார் சற்று ஒதுங்கி நின்று அவளைத் தனியே பேசவிடலாம். பின்னர் கருவுற்றது தெரியவந்தாற் கலங்காமல், மறைக்காமல், அதே உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சென்று கூறலாம். அவ்வாறு கூறுபவளுக்கு மருத்துவம் இன்று தரும் விடை அச்சமூட்டும் விடையன்று. பல்லாயிரம் தாய்மாரின் அனுபவத்தால் உறுதிப்பட்ட ஆறுதலான விடையே.